கணக்குக்கு யார் சாட்சி?

பாலம், அணை, விமான இறக்கை, கார் எதுவானாலும், இன்று அது மண்ணில் எழும்பும் முன்பே கணினித் திரையில் பலமுறை கட்டப்பட்டு, வளைக்கப்பட்டு, உடைக்கப்பட்டிருக்கும். பொறியாளர்கள் இதைச் சிமுலேஷன் என்கிறார்கள். பொருளின் வடிவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளும், எவ்வளவு இழுக்கும் என்று சமன்பாடு எழுதுவது, எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாகத் தீர்ப்பது: இவ்வளவுதான் அதன் உயிர்நாடி. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை இயந்திரத்தின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். கணினி வந்தது, வேகம் கூடியது, துண்டுகள் சிறுத்தன, கணக்கு துல்லியமானது, ஆகவே மாதிரி செய்து சோதித்துப் பார்க்கும் தேவை ஒழிந்தது என்று போகும் அந்தக் கதை. இதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. நூறாண்டைத் தாண்டிய இந்த வரலாற்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கணக்கு நம்பகமாக வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பக்கத்தில் ஓர் அளவீடு இருந்தது. இரும்போ கல்லோ கான்கிரீட்டோ தன் வாயால் சொன்ன சாட்சியம் இருந்தது. பெரிய விபத்துகள் நேர்ந்த இடங்களில் அந்தச் சாட்சியை யாரும் கூப்பிடவில்லை, அல்லது அது வந்து சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கணக்கையும் பொருளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் பழக்கமே இந்தத் தொழிலின் உண்மையான மரபு என்பது என் வாதம்.

கதை நைல் நதியில் தொடங்குகிறது. 1902இல் கட்டி முடித்த அஸ்வான் அணையை மேலும் உயர்த்தும் எண்ணம் இருந்த காலம் அது. புள்ளியியலுக்காக இன்று நாம் நினைவுகூரும் கார்ல் பியர்சன், அட்சர்லி என்பவரோடு சேர்ந்து 1904இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லணைகளைக் கணக்கிடும்போது பொறியாளர்கள் அதுவரை கிடைமட்ட வெட்டுகளை மட்டுமே பார்த்துவந்தார்கள். செங்குத்து வெட்டுகளையும் பார்த்தால் அங்கே இழுவிசை தலைகாட்டக்கூடும், கற்கட்டு இழுப்பைத் தாங்காதே என்பது இவர்கள் எழுப்பிய கேள்வி. பிரிட்டிஷ் பொறியாளர் வட்டாரத்தில் அது பெரும் சர்ச்சையானது. வாதம் வாதமாகவே நீண்டுவிடாமல் சிலர் கையால் வேலை செய்யத் தொடங்கினார்கள். 1908இல் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வுகளில் ஒரு குழு பிளாஸ்டிசினிலும் இன்னொரு குழு ரப்பரிலும் அணையின் உருவத்தைச் செய்து, தண்ணீர் தள்ளுவதுபோல் பக்கவாட்டில் அழுத்தி, உருவம் எங்கே எவ்வளவு கோணுகிறது என்று அளந்திருந்தன.

அதே சிக்கலுக்கு லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன் எண்களால் விடை தேடினார். அணையின் குறுக்குவெட்டின் மேல் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் முதலில் உத்தேசமாக ஒரு மதிப்பு. பிறகு அதை அண்டைப் புள்ளிகளின் மதிப்புகளோடு பொருத்திப் பார்த்துத் திருத்துவது. எல்லாப் புள்ளிகளையும் திருத்தி முடித்ததும் முதலிலிருந்து மறுபடி திருத்துவது. திருத்தம் மிகச் சிறிதாகும்வரை இதே வேலை. கணினி என்று எதுவும் இல்லாத காலத்தில், கூலிக்குக் கணக்குப் போடும் பையன்களை வைத்து அவர் இதைச் செய்தார். புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி: எண்ணில் எத்தனை இலக்கமோ அதை 18ஆல் வகுத்தால் வரும் பென்னி. மூன்று இலக்க எண் என்றால் புள்ளிக்கு ஆறில் ஒரு பென்னி. மிக வேகமான பையன்களில் ஒருவன் வாரத்துக்கு 2000 புள்ளிகள் முடித்தான் என்றும், தவறாகப் போட்டவை அந்தக் கணக்கில் சேரவில்லை என்றும் ரிச்சர்ட்சன் எழுதிவைத்திருக்கிறார். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கலந்து வருவதுதான் பையன்களுக்குப் பெரிய தொல்லையாம். 1910இல் ராயல் சொசைட்டியின் முன் வைக்கப்பட்ட அந்த ஆய்வை இன்றைய சிமுலேஷனின் மூதாதை என்று தயங்காமல் சொல்லலாம். அந்த முதல் முயற்சியிலேயே பிழையை எண்ணிக் கழிக்கும் ஒழுங்கு இருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அதன்பிறகு நீண்ட இடைவெளி. 1941இல் அலெக்சாண்டர் ரெனிகாஃப் தகட்டைக் கம்பிச் சட்டகமாகப் பாவித்துக் கணக்கிட வழி சொன்னார். 1943இல் கணித மேதை ரிச்சர்ட் கூரன்ட், முறுக்கப்படும் தண்டின் குறுக்குவெட்டை முக்கோணங்களாகப் பிரித்துத் தீர்த்துக் காட்டினார். இன்றைய முறையின் கணித வித்து அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆனாலும் பத்தாண்டுக் காலம் பொறியாளர் எவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. கணினி இல்லாததே காரணம் என்று சொல்வது வழக்கம். அது காரணம்தான், ஆனால் போதாது. காகிதத்தில் கிடந்த அந்த யோசனைக்கு அவசரத் தேவையும் இல்லை, அது சரிதானா என்று உரைத்துப் பார்க்க அளவீடும் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கூடியது விமானத் தொழிலில்.

போருக்குப் பிந்தைய ஜெட் விமானங்களின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தன. சில முக்கோண வடிவம் எடுத்தன. நீண்டு மெலிந்த பழைய இறக்கையை ஓர் உத்திரம்போல் பாவித்துக் கணக்கிட முடிந்தது. குட்டையாக, அகலமாக இருக்கும் முக்கோண இறக்கைக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. இறக்கை எவ்வளவு விறைப்பானது என்று தெரியாவிட்டால், வேகமாகப் பறக்கும்போது அது எப்படி அதிரும் என்றும் தெரியாது. சியாட்டிலில் போயிங் நிறுவனத்தில் எம். ஜே. டர்னர் என்பவரின் குழுவுக்கு இதுதான் வேலை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் ரே கிளஃப், 1952 கோடை விடுமுறையில் அந்தக் குழுவில் சேர்ந்தார். முதல் கோடையில் இறக்கையைக் கம்பிகளும் உத்திரங்களும் சேர்ந்த சட்டகமாக எழுதிப் பார்த்தார். கணக்கு ஒழுங்காகவே வந்தது. ஆனால் மாதிரி இறக்கையில் எடை வைத்து அளந்த எண்களோடு அது ஒட்டவில்லை. அந்த முறை கைவிடப்பட்டது. அடுத்த கோடையில் டர்னர் வேறு வழி சொன்னார்: இறக்கையின் மேல்தகட்டையே முக்கோணத் துண்டுகளாகப் பிரிப்போம், ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் தகைவு ஒரே சீராக இருப்பதாகக் கொள்வோம். முக்கோணங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க, கணக்கு சொன்ன வளைவு அளந்த வளைவை நெருங்கிவந்தது. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் பெயரில் 1956 செப்டம்பரில் வெளியான கட்டுரை இதிலிருந்து பிறந்தது. இரண்டு கோடைகளிலும் அதே மனிதர்கள்தான், கணிதத் திறமையும் அதேதான். எந்த யோசனை நிலைக்கும், எது விழும் என்று தீர்ப்புச் சொன்னது சோதனை மேசையில் கிடந்த அந்த மாதிரி இறக்கை.

1960 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் அமெரிக்க சிவில் பொறியாளர் கழகம் மின்னணுக் கணக்கீடு பற்றி ஒரு மாநாடு நடத்தியது. இத்தொழிலின் இரண்டு கிளைகளும் அந்த ஒரே கூட்டத்தில் வெளிப்பட்டன என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை கிளஃப் அங்கே வாசித்த கட்டுரையின் தலைப்பில்தான் சூட்டினார். அங்கேயே லூசியன் ஷ்மிட் என்பவர், கணக்கிடுவதோடு நிற்காமல் மிகச் சிறந்த வடிவத்தைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்கச் செய்யும் வழியை முன்வைத்தார். குறைந்த பொருளில் எந்தச் சட்டகம் அதிகம் தாங்கும் என்ற கேள்வியை ஆஸ்திரேலியப் பொறியாளர் மிச்செல் 1904லேயே கணிதமாக எழுப்பியிருந்தார். ஷ்மிட் எடுத்துக்கொண்டது வெறும் மூன்று கம்பிகள் கொண்ட சட்டகம். வெவ்வேறு திசைகளிலிருந்து மாறி மாறிச் சுமை வந்தால், எந்தக் கம்பி எவ்வளவு தடிமன் இருந்தால் மொத்த எடை மிகக் குறையும்? ஒவ்வொரு கம்பியும் ஏதாவதொரு சுமைக்கேனும் தன் முழுத் திறனுக்குத் தாங்கும்படி அமைப்பதே சிக்கனம் என்பது பொறியாளர்கள் நெடுங்காலம் நம்பிய விதி. மிக இலகுவான சட்டகத்தில் ஒரு கம்பி முழுத் திறனை எட்டாமலே இருக்கலாம் என்று ஷ்மிட்டின் கணக்கு காட்டியது. அனுபவசாலியின் கைக்குத் தென்படாத ஒன்றைக் கணினி காட்டித்தந்த அருமையான எடுத்துக்காட்டு இது. இந்த முறையின்மேல் எனக்குள்ள மதிப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1988இல் பென்சோவும் கிகுச்சியும், பொருளை எங்கே வைப்பது, எங்கே ஓட்டை விடுவது என்பதையே கணினியிடம் விடும் வழியைக் கண்டார்கள். ஏர்பஸ் ஏ380 விமான இறக்கையின் முன்விளிம்பு விலாச் சட்டங்களுக்கு அந்த வழியில் வடிவம் கிடைத்தது.

பெர்க்லியில் கிளஃபுக்குக் கிடைத்த ஐபிஎம் 701 ஒரே நேரத்தில் ஏறத்தாழ 40 சமன்பாடுகளைத்தான் தீர்க்கும். அப்படிப்பட்ட கருவிகளின் காலத்திலேயே முறை அணைகளுக்குத் திரும்பியது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நார்ஃபோர்க் அணையில் வெப்பநிலை மாற்றத்தால் விரிசல் விழுந்திருந்தது. விரிசல் விட்ட அணை தண்ணீரின் தள்ளுதலைத் தாங்குமா என்று கிளஃபும் அவருடைய மாணவர் எட்வர்ட் வில்சனும் 1962இல் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அதே காலத்தில், மேற்குலகின் ஆய்வுகளோடு தொடர்பற்று, சீனாவில் ஃபெங் காங் தலைமையிலான குழு மஞ்சள் ஆற்றின் லியூஜியாஷியா அணைக்கான கணக்குகளிலிருந்து இதே முறையைத் தாமாகக் கண்டடைந்தது. அணைகள் இந்த முறையை அடுத்தடுத்து ஈன்றதில் ஒரு நியாயம் இருக்கிறது. அணையை முழு அளவில் கட்டி உடைத்துப் பார்க்க முடியாது. கணக்கை விட்டால் வழியில்லை. வழியில்லாத அந்த இடத்தில்தான் கணக்கைச் சந்தேகிக்கும் கருவிகளும் கூடவே பிறந்தன. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய புரூஸ் அயன்ஸ் 1965 வாக்கில் கொண்டுவந்த பேட்ச் டெஸ்ட் அதில் ஒன்று. ஒழுங்கற்ற வடிவுள்ள சில துண்டுகளை ஒட்டுத்துணிபோல் சேர்த்துவை. எல்லா இடத்திலும் ஒரே தகைவு வந்தாக வேண்டிய ஓர் எளிய இழுப்பை விளிம்பில் கொடு. எல்லாத் துண்டும் அதே எண்ணைச் சொன்னால் அந்த வகைத் துண்டை நம்பலாம். ஒன்று பிசகினாலும் வகையையே ஒதுக்கு. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டு, விடை தெரியாத கேள்விக்கு அதை அனுப்பலாமா என்று முடிவு செய்கிறோம். கணித வல்லுநர்கள் இதன் நியாயத்தைப் பிற்பாடு நெடுங்காலம் விவாதித்தார்கள். தொழிலில் இருந்தவர்கள் காத்திருக்காமல் பயன்படுத்தினார்கள்.

இனி வருவது பெருக்கத்தின் காலம். நாசா தன் பல மையங்களுக்கும் பொதுவாக நாஸ்ட்ரான் என்ற மென்பொருளை 1960களின் பிற்பகுதியில் எழுதுவித்து, பிறகு வெளியாருக்கும் கொடுத்தது. அணுசக்தித் துறையில் வேலை பார்த்த ஜான் ஸ்வான்சன் 1970இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து ஆன்சிஸ் என்ற மென்பொருள் வந்தது. 1978இல் அபாகஸ் மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் பிறந்தது. சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியால் ஐபிஎம் 370 கணினி வந்து இயங்கத் தொடங்கியது 1973இல். சமன்பாட்டை எழுதியவரே கணக்கையும் போட்டு, சோதனை மேசையருகிலும் நின்ற காலம் இத்தோடு முடிந்தது. ஒருவர் மென்பொருள் எழுத, இன்னொருவர் அதை வாங்கிப் பயன்படுத்த, மூன்றாமவர் களத்தில் கட்டினார். வேலை பகிர்ந்துகொள்ளப்பட்டதில் பிழையில்லை. ஆனால் களத்தில் நிற்பவர் கண்ணால் காண்பது, கணக்குப் போட்டவரின் காதுக்கு எட்டும் வழி குறுகிவிட்டது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர விளையாட்டரங்கம் அதற்கான விலையைக் கொடுத்தது. 300 அடிக்கு 360 அடி பரப்பில், நடுவே தூண் இல்லாத எஃகுக் கூரை. கம்பிகள் முப்பரிமாணத்தில் பின்னிய சட்டகம். கணினி இல்லாமல் கணக்கிட நினைத்துப் பார்க்கவே கடினமான அமைப்பு. கூரையைத் தரையில் வைத்துப் பூட்டி மேலே தூக்கினார்கள். தூக்கியதும் அளந்தபோது, கணக்கு சொன்னதைப்போல் இரண்டு மடங்கு அது தொங்கியிருந்தது. வடிவமைத்தவர்களிடம் சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட வேறுபாடு எதிர்பார்க்கக்கூடியதே என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1978 ஜனவரி 18 அதிகாலை, பனி கனத்திருந்த வேளையில் கூரை முழுவதும் இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டுச் சுமார் 5000 பேர் அங்கிருந்து கலைந்திருந்தார்கள். நீளவாக்கில் அழுத்தம் தாங்கும் மேற்கம்பிகள் பக்கவாட்டில் நொடிக்காமலிருக்க முட்டு வேண்டும். கணக்கில் இருந்த முட்டு உண்மைக் கூரையில் போதிய வலுவோடு இல்லை. கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட கூரைக்குச் சரியாகவே கணக்குப் போட்டது. தலைக்குமேல் தொங்கியது வேறு கூரை. அந்த இரண்டு மடங்குத் தொங்கல்தான் பொருள் சொன்ன சாட்சியம். அதற்குச் செவிசாய்த்திருந்தால் கூரையை முட்டுக்கொடுத்துக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது.

கையால் கணக்குப் போட்ட காலத்தில் பாலங்கள் விழவில்லையா, கணினியை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று இங்கே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. 1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவில் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் ஆற்றில் சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். நடுவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டிய பிறகும் பாலத்தின் சொந்த எடையைப் பழைய மதிப்பிலேயே வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். விழுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கீழ்ப்பக்கத்து எஃகு உறுப்புகள் வளைந்திருப்பதைக் களப் பொறியாளர்கள் அளந்து கடிதம் எழுதினார்கள். தொலைவில் நியூயார்க்கில் இருந்த ஆலோசகரிடம் நேரில் சொல்லவும் ஒருவர் போனார். தடுக்கும் ஆணை வேலைத்தளத்தை எட்டும் முன் பாலம் விழுந்துவிட்டது. ஆகவே கணினியே குற்றவாளி என்பது என் வாதம் அல்ல. கியூபெக்கும் ஹார்ட்ஃபோர்டும் எழுபது ஆண்டு இடைவெளியில் நடந்தவை. ஒன்றில் பேனா, மற்றதில் கணினி. இரண்டிலும் இரும்பு முன்கூட்டியே வாய்திறந்தது, இரண்டிலும் கணக்கின் பக்கமே ஆட்கள் நின்றார்கள். கணினி இதில் சேர்த்தது ஒன்றுதான். கணக்குக்கு முன்பில்லாத கௌரவத்தைக் கொடுத்தது. ஒரு மனிதர் கையால் போட்ட கணக்கை இன்னொருவர் சந்தேகிப்பதற்குத் தயக்கம் குறைவு. வண்ணப்படமாக வந்து நிற்கும் விடையைச் சந்தேகிக்கத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

நார்வேயின் ஸ்லைப்னர் மேடை இந்த வரலாற்றில் தனியிடம் பெற்றது. வட கடலில் எரிவாயு எடுக்க, 82 மீட்டர் ஆழத்தில் தரைதட்டி நிற்கும் கான்கிரீட் அடித்தளம். 24 உருளைக் கூடுகளை நெருக்கி அடுக்கியதுபோன்ற அமைப்பு. நான்கு மட்டும் மேலே நீண்டு மேடையைத் தாங்கும். மூன்று உருளைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் முக்கோணமாக ஒரு சந்து விழும். உருளைக்குள் காற்றும் அந்தச் சந்துக்குள் கடல்நீரும் இருப்பதால், சந்தின் சுவர்மேல் நீரின் முழு அழுத்தமும் விழும். நாஸ்ட்ரான் கொண்டு கணக்கிட்டபோது அந்தச் சுவருக்குப் போட்ட துண்டுகள் பெரியவை, வடிவம் கோணியவை. விளைவாக, சுவரின் ஓரத்தில் வரும் வெட்டுவிசை உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாகத் தெரிந்தது. சுவர் மெலிந்தது, அங்கே வைத்த கம்பிகளும் போதிய நீளம் இல்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் நகருக்கு அருகே ஆழமான கடற்கழியில் அடித்தளத்தை மெல்ல அமிழ்த்திச் சோதித்தபோது சுவர் பிளந்தது. 65 மீட்டர் ஆழ நிலையில் அது நேர்ந்தது. நீர் உள்ளே பாய, முழு அமைப்பும் மூழ்கி அடித்தரையில் நொறுங்கியது. நிலநடுக்கமானிகள் ரிக்டர் அளவில் 3 என்று பதிவு செய்தன. ஆட்கள் தப்பினார்கள், இழப்பு சுமார் 70 கோடி டாலர். பிற்பாடு நுண்ணிய துண்டுகளோடு செய்த கணக்கு, சுவர் 62 மீட்டரில் உடையும் என்றது. உண்மைக்கும் அதற்கும் மூன்றே மீட்டர் வேறுபாடு. முறை நல்ல முறை என்பதற்கும், அதைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்பதற்கும் ஒரே சம்பவம் சான்றாகிவிட்டது.

அதன்பிறகு நடந்ததை நம் பொறியியல் மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். எரிவாயு கொடுப்பதாக ஒப்பந்தம் ஆகியிருந்தது. நாள் தள்ள முடியாது. கணினி மென்பொருளைத் திருத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்க்கும்வரை காத்திருக்காமல், இருபது ஆண்டுகளுக்கு முன் இதே வகை மேடைகளை வடிவமைத்த பழைய முறைக்கே பொறியாளர்கள் போனார்கள். காகிதம், பென்சில், ஸ்லைடு ரூல் காலத்துச் சூத்திரங்கள். கணினியின் புது விடைகள் வந்து சேர்ந்தபோது வடிவமைப்பு முடிந்து, கட்டுமானமும் முடியும் தறுவாயில் இருந்தது. 1993 ஏப்ரலில் புதிய அடித்தளம் மேடையோடு இணைக்கப்பட்டது. சுவரை இரு முனையில் பிடித்த ஒரு பலகையாகப் பாவித்து, நீரின் அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கி இரண்டாகப் பிரித்தால் ஓரத்து வெட்டுவிசை ஏறத்தாழ வந்துவிடும். சில நிமிட வேலை. 47 விழுக்காட்டுப் பிழை அந்தக் கணக்கின் முன் ஒளிந்திருக்க முடியாது.

இன்று கணினியின் ஆற்றல் பல்லாயிரம் மடங்கு பெருகிவிட்டது, துண்டுகளை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கலாம், ஸ்லைப்னர் பழங்கதை என்று சொல்பவர்கள் உண்டு. துண்டை நுணுக்கினால் தீரும் பிழை ஒரு வகை, ஸ்லைப்னருடையது அது. ஹார்ட்ஃபோர்டுடையது வேறு வகை. வலுவற்ற முட்டு வலுவாக இருப்பதாகக் கொண்ட கூரையைக் கோடித் துண்டாக நறுக்கினாலும் விடை அதே தவறான விடைதான். தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் மட்டும் கூடும். சிறந்த வடிவத்தைத் தேடும் முறைகளில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையாகிறது. மிச்சம் மீதி எல்லாவற்றையும் பிழிந்தெடுத்த வடிவத்தில், கணக்கில் எழுதாத ஒரு சிறு கோணல் வந்தாலும் அதைத் தாங்க எதுவும் இருக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் ஒரே சுமைக்கு நொடிக்கும்படி கச்சிதமாக்கிய மெல்லிய அமைப்புகள், உற்பத்தியில் வரும் நுண்ணிய கோணல்களால் எதிர்பாராமல் வலுவிழக்கும் என்பதை 1960களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். எவ்வளவுக்குச் சிக்கனமோ அவ்வளவுக்குச் சோதனை தேவை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சோதிக்க முடியாதே? அணை, அணு உலை, நிலநடுக்கத்தில் ஆடும் நகரம், இவற்றுக்குக் கணக்கைத் தவிர வேறென்ன இருக்கிறது? உண்மைதான். இதற்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. அமெரிக்கா 1992இல் தன் கடைசி அணுகுண்டுச் சோதனையை நடத்தியபின், இருக்கும் ஆயுதங்களைப் பற்றிய தீர்ப்பைப் பெருமளவு சிமுலேஷனிடம் ஒப்படைக்க நேர்ந்தது. முழுச் சோதனைக்கு வழியே இல்லாத அந்த இடத்தில்தான் சரிபார்ப்பு தனித் துறையாக வளர்ந்தது. சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒரு கேள்வி, தீர்த்த சமன்பாடு இந்தப் பொருளுக்கு உரியதுதானா என்பது வேறு கேள்வி என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி நெறிமுறை வகுத்தார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் 2006இல் அதை வழிகாட்டியாகவே வெளியிட்டது. பிரிட்டனில் 1983இல் தொடங்கிய நாஃபெம்ஸ் அமைப்பு, விடை தெரிந்த கணக்குகளைத் தொகுத்து எந்த மென்பொருளும் அவற்றின் முன் தேர்வெழுதும்படி செய்தது. முழுசாகச் சோதிக்க முடியாத இடத்தில் பகுதி பகுதியாகச் சோதிப்பது, கட்டி முடித்த அணைக்குள் அளவுமானிகளைப் பதித்து ஆண்டுக்கணக்கில் கணக்கோடு ஒப்பிடுவது, கையால் ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. சோதிக்க முடியாது என்பது சந்தேகத்தைக் கூட்ட வேண்டிய காரணம். அதைக் காட்டி ஒப்புதல் கேட்பது முறையன்று.

சிமுலேஷன் மிக வெற்றிகரமாக நுழைந்த கார் தொழிலைப் பாருங்கள். மோதல் கணக்குகளின் வேர், லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் 1976இல் ஆயுதங்களின் தாக்கத்தைக் கணக்கிட எழுதிய டைனா3டி. அது பொதுவில் கிடைத்ததும் கார் நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. இன்று ஒரு கார் சுவரில் மோதுமுன் கணினியில் எண்ணற்ற முறை மோதியிருக்கும். உடைக்க வேண்டிய மாதிரிக் கார்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, பயணிகளின் உயிர் பிழைத்தது. இந்தச் சாதனைக்கு அடிப்படை, ஒவ்வொரு கணக்கும் கடைசியில் ஓர் உண்மை மோதலைச் சந்தித்தாக வேண்டும் என்பதே. கார்களின் பாதுகாப்பை மதிப்பிட 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டத்திலும் நட்சத்திரம் வாங்க, உண்மைக் காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டாக வேண்டும்.

நம் ஊரிலேயே இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. சென்னை திரிசூலத்தில், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்துக்குச் சொந்தமான மின்கோபுரச் சோதனை நிலையம் உள்ளது. உயரழுத்த மின்கம்பிகளைச் சுமக்கும் கோபுரத்தை வரைபடப்படி முழு அளவில் அங்கே எழுப்பி, மின்கம்பி தொங்க வேண்டிய இடங்களில் எஃகு வடங்களைக் கட்டி, காற்றும் அறுந்த கம்பியும் இழுப்பதுபோல் படிப்படியாகச் சுமையை ஏற்றுகிறார்கள். மின்கோபுரத்தின் கணக்கு பொறியியல் மாணவருக்கு மிக எளிதாகத் தெரியும் கணக்குகளில் ஒன்று: நேர்க்கம்பிகள், முனையில் பூட்டு, அவ்வளவுதான். ஆனால் உண்மைக் கோபுரத்தின் ஆங்கிள் இரும்பு ஒரு பக்க இதழால் மட்டுமே போல்ட்டில் பிடிக்கப்பட்டிருக்கிறது. விசை நடுவில் செல்லாமல் ஓரமாகச் செல்கிறது, போல்ட் துளையில் கொஞ்சம் நழுவுகிறது, குறுக்குக் கம்பி கணக்கு நினைத்த அளவுக்கு முட்டுக் கொடுப்பதில்லை. கணினியில் தேறிவந்த கோபுரங்கள் முழுச் சுமையை எட்டும் முன்பே இந்தச் சோதனையில் நொடித்து விழுந்ததுண்டு. ஏன் விழுந்தன என்று அந்த மையத்தின் ஆய்வாளர்கள் கட்டுரைகளும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் நுண்ணிய கணினிக் கணக்கே விழுந்த காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கோபுரத்தைக் கட்டி உடைப்பது வீண்செலவு என்று கணக்குப் பார்ப்பவர்கள், அதே வரைபடத்தை வைத்து எத்தனை நூறு கோபுரங்கள் வயல்களிலும் ஊர்களின் தலைமாட்டிலும் நிற்கப் போகின்றன என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும்.